எந்தச் சக்கரம் வாங்கலாம்? ஸ்ப்ரெட்ஷீட்டைக் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர், ஸ்ப்ரெட்ஷீட் என்றாலே "அது ஆபீஸ் கணக்குக்கு, நமக்கு எதற்கு?" என்று ஒதுக்கி விடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். மாதச் செலவுகளை வரிசையாக எழுதி, அடியில் கூட்டல் போடுவதோடு சரி. ஒரு பெரிய செலவு செய்யும் முன் அதையே உட்கார்ந்து கேட்கலாம் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது, ஒரு ஜோடி சைக்கிள் சக்கரம்.

எங்கள் ஊர் விருத்தாசலம் பக்கத்தில் மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் நல்லூர். என் அக்கா வீட்டுக்காரருக்கு விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் வேலை. பியூஸ் கட்டை செய்கிற இடம். அவர்கள் மகன் கல்லூரியில் படிக்கிறான். ரோடு ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு காகிதத்தோடு வந்தான்.

"மாமா, அம்மா சீட்டு எடுத்துட்டாங்க. சக்கரம் வாங்கிக்கன்னு சொல்லிட்டாங்க. ரெண்டுல எதை வாங்கறதுன்னு தெரியல."

காகிதத்தில் இரண்டு ஜோடிச் சக்கரங்களின் விவரம் இருந்தது. ஏறக்குறைய ஒரே விலை. அவன் அப்பாவின் சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் வரும். தவறாக வாங்கிவிட்டால் அடுத்த சீட்டு முடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான். நான் ரேஸ் ஓட்டியவன் அல்ல. ஆனால் கம்ப்யூட்டர் இருக்கிறது, பிளஸ் டூ இயற்பியலும் கொஞ்சம் நினைவில் இருக்கிறது. "உட்காரு மாப்ளே, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்" என்றேன்.

இரண்டு வகைச் சக்கரங்கள்

முதல் வகை எடை குறைந்த சக்கரம். ரிம் ஒல்லியாக இருக்கும். அவன் காகிதத்தில் இருந்த ஜோடி 1350 கிராம். இதை லைட் என்று அழைப்போம்.

இரண்டாவது வகை காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் சக்கரம். ரிம் டயரிலிருந்து நடு அச்சை நோக்கி 50 மில்லி மீட்டர் வரை அகலமாக இறங்கி, சற்றே மீன் உடம்பு போன்ற வடிவத்தில் இருக்கும். ஆரக் கம்பிகளின் நீளம் அதனால் குறையும். சுழலும்போது காற்றைக் கலக்குவது குறைவு. இந்த ஜோடி 1650 கிராம். இதை ஏரோ என்று அழைப்போம்.

வித்தியாசம் 300 கிராம். "கடையில ரெண்டையும் தூக்கிப் பார்த்தேன் மாமா. லைட்டு பஞ்சு மாதிரி இருக்கு" என்றான் மருமகன். அங்கேதான் சிக்கல். எடை கைக்குத் தெரியும். காற்றுத் தடை கைக்குத் தெரியாது. கடையில் நின்று தூக்கிப் பார்க்கிற எவரும் லைட் பக்கம்தான் சாய்வார்கள்.

உலகச் சாம்பியன்களுக்கும் இந்த இழுபறி இருந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்பது சைக்கிள் உலகின் புகழ்பெற்ற சாதனைப் போட்டி. 1972-இல் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் 49.431 கி.மீ. ஓட்டினார். அவர் நம்பியது எடைக் குறைப்பை. சைக்கிள் 6 கிலோவுக்கும் குறைவு. 1984-இல் அதே நகரில் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 51.151 கி.மீ. ஓட்டினார். அவர் சைக்கிளில் இருந்தவை கம்பியே தெரியாத, தட்டு போல் மூடிய சக்கரங்கள். சாதனைக்குச் சக்கரம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சமதளத்தில் எதிரி எடையல்ல, காற்று என்பதை எல்லோரும் கவனித்தார்கள். பன்னாட்டுச் சைக்கிள் அமைப்பான யூசிஐ, போட்டிச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று 2000-இல் விதி கொண்டு வந்தது. எனவே பெரிய போட்டிகளில் எடையை இஷ்டத்துக்குக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஸ்ப்ரெட்ஷீட்டைத் தயார் செய்வோம்

எக்ஸெல் இருந்தால் அதைத் திறந்திடுங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். ஏ நெடுவரிசையில் பெயர்கள், பி-யில் லைட் சக்கரத்தின் எண்கள், சி-யில் ஏரோ சக்கரத்தின் எண்கள். முதல் வரியில் தலைப்புகளை டைப் செய்துவிட்டு, பிறகு கீழே உள்ளபடி நிரப்புங்கள்.

2-ஆம் வரி, மொத்த எடை: ஆள், சைக்கிள், சக்கரம் எல்லாம் சேர்த்துக் கிலோவில். மருமகனுக்கு லைட்டோடு 78, ஏரோவோடு 78.3.

3-ஆம் வரி, காற்றுத் தடை எண்: காற்றில் நீங்கள் எவ்வளவு பெரிய தடையாக நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லும் எண். ஆளின் உட்காரும் விதம்தான் இதில் பெரும்பங்கு. லைட்டுக்கு 0.32, ஏரோவுக்கு 0.312 என்று வைத்தேன். இது சக்கரத்தின் மேல் அச்சடித்து வருகிற எண் அல்ல. நானாக வைத்துக்கொண்ட நியாயமான மதிப்பு. பின்னால் இதை மாற்றியும் பார்ப்போம்.

4-ஆம் வரி, டயர் தடை: டயர் சாலையில் நசுங்கி உருளுவதால் வரும் இழப்பு. இரண்டுக்கும் 0.005.

5-ஆம் வரி, ஏற்றம்: 100 மீட்டர் போனால் எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்பது. 4 மீட்டர் என்றால் 0.04. சமதளம் என்றால் 0.

6-ஆம் வரி, வேகம்: மணிக்கு எத்தனை கி.மீ. என்பது.

இனி வருபவை பார்முலாக்கள். பார்முலா எப்போதும் சமக்குறியில் தொடங்கும். நான் தமிழில் பி2 என்று எழுதியிருக்கும் இடத்தில் எதையும் டைப் செய்திட வேண்டாம். அந்தச் செல்லை மவுஸால் ஒரு முறை கிளிக் செய்தால் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எண்களையும் குறிகளையும் மட்டும் கீபோர்டில் தட்டுங்கள். நட்சத்திரக் குறி பெருக்கலுக்கு, சாய்கோடு வகுத்தலுக்கு.

7-ஆம் வரி, ஒரு வினாடிக்கு எத்தனை மீட்டர்: = பி6 / 3.6

8-ஆம் வரி, சாலையும் ஏற்றமும் இழுக்கும் விசை: = பி2 * 9.81 * (பி4 + பி5)

9-ஆம் வரி, காற்று தள்ளும் விசை: = 0.575 * பி3 * பி7 * பி7

10-ஆம் வரி, காலால் கொடுக்க வேண்டிய சக்தி, வாட்டில்: = (பி8 + பி9) * பி7

9-ஆம் வரியில் உள்ள 0.575 என்பது நம் ஊர் வெப்பத்தில் காற்றின் அடர்த்தியில் பாதி. அதே வரியில் வேகம் இரண்டு தடவை பெருக்கப்படுவதைக் கவனித்தீர்களா? வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்கு. கட்டுரையின் சாரம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

பி நெடுவரிசை முடிந்ததும் பார்முலாக்களை மறுபடி டைப் செய்திட வேண்டாம். பி7 முதல் பி10 வரை தேர்ந்தெடுத்து, தேர்வின் வலது கீழ் மூலையில் தெரியும் சின்னச் சதுரத்தைப் பிடித்து, ஒரு நெடுவரிசை வலப்பக்கம் இழுத்து விடுங்கள். சி-க்கான பார்முலாக்கள் தயாராகிவிடும்.

முதல் சோதனை: சமதளம்

எங்கள் பக்கம் விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் கூட்டு ரோடு வரை மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அந்தச் சாலையை நினைத்துக்கொண்டு ஏற்றம் 0, வேகம் 36 என்று இரண்டிலும் போட்டோம். லைட்டுக்கு 222.3 வாட், ஏரோவுக்கு 217.8 வாட் என்று வந்தது. அதே வேகத்துக்கு ஏரோ 4.5 வாட் குறைவாகக் கேட்கிறது. 8, 9-ஆம் வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்த விசையில் 80 சதவீதத்துக்கும் மேல் காற்றுக்கே போகிறது.

இரண்டாவது சோதனை: மலை

2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் என்ற நீண்ட சைக்கிள் பயணத்தைப் பற்றி மருமகன் அடிக்கடி பேசுவான். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒரு நாள் ஏற வேண்டும் என்பது அவன் ஆசை. அதுபோன்ற செங்குத்துக்கு ஏற்றம் 0.08, வேகம் 10.8 என்று போட்டோம். லைட்டுக்கு 200.1 வாட், ஏரோவுக்கு 200.7 வாட். இங்கே லைட் ஜெயிக்கிறது. ஆனால் எவ்வளவு? 0.6 வாட்!

மருமகன் முகம் மாறிவிட்டது. "அவ்ளோதானா மாமா?" என்றான்.

ஒரு எச்சரிக்கை. 0.08 என்பதற்குப் பதில் 8 என்று டைப் செய்துவிட்டால் விடை ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். நாங்களும் முதலில் அப்படித்தான் செய்தோம். விடை நம்ப முடியாததாக இருந்தால் கம்ப்யூட்டரைத் திட்டும் முன், கொடுத்த எண்ணைச் சரி பாருங்கள்.

கோல் சீக்: விடையிலிருந்து கேள்விக்கு

ரேஸில் யாரும் வேகத்தை முடிவு செய்துவிட்டு ஓட்டுவதில்லை. காலில் இருக்கிற சக்திக்கு என்ன வேகம் வருகிறதோ அதுதான். மருமகன் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக் கூடியது சுமார் 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். 200 வாட் கொடுத்தால் எவ்வளவு வேகம்? பார்முலாவைத் திருப்பிப் போடுவது கடினம். அதற்குத்தான் கோல் சீக் என்ற வசதி.

கால்க்கில் டூல்ஸ் மெனுவில் கோல் சீக் இருக்கிறது. எக்ஸெல்லில் டேட்டா டேபில் வாட்-இஃப் அனாலிசிஸ் கிளிக் செய்தால் கிடைக்கும். திறக்கும் சிறு பெட்டியில் மூன்று கட்டங்கள். முதலாவதில் விடை வரும் செல், அதாவது பி10. இரண்டாவதில் வேண்டிய விடை, 200. மூன்றாவதில் மாற்ற வேண்டிய செல், பி6. ஓகே கொடுத்ததும் கம்ப்யூட்டர் வேகத்தை ஏற்றி இறக்கிப் பார்த்து, 200 வாட் வரும் வேகத்தில் நிற்கும். சி நெடுவரிசைக்கும் இதே போல் தனியாகச் செய்திடுங்கள்.

11-ஆம் வரியில், போக வேண்டிய தூரத்தை 60-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நேரம் நிமிடத்தில் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது இதுதான்:

சமதளத்தில் 40 கி.மீ.: லைட்டில் 69.4 நிமிடம், ஏரோவில் 68.9 நிமிடம். ஏரோ சுமார் 31 வினாடி முந்துகிறது.

8 சதவீத ஏற்றத்தில் 12 கி.மீ.: லைட்டில் 66.7 நிமிடம், ஏரோவில் 66.9 நிமிடம். லைட் சுமார் 12 வினாடி முந்துகிறது.

இரண்டுமே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட ஓட்டம். இடையில் எங்கோ இரண்டும் சமமாக வேண்டும் அல்லவா? ஏற்றத்தை மாற்றி மாற்றித் தேடினோம். 0.04 ஏற்றத்தில், 18.4 வேகத்தில், இரண்டு செல்களிலும் 200.6 என்று வந்து நின்றது. ஆக 200 வாட் ஓட்டுபவருக்கு ஏறக்குறைய 4 சதவீத ஏற்றம்தான் எல்லைக் கல். அதற்குக் கீழே ஏரோ, அதற்கு மேலே லைட். 250 வாட் கொடுக்கும் பலசாலிக்கு எல்லை 4.5 சதவீதம் வரை மேலே போகிறது. வேகம் கூடக் கூடக் காற்றின் பங்கு கூடுகிறதே! 150 வாட் ஓட்டுபவருக்கு அது 3.1-க்கு இறங்குகிறது.

ஏரோ சக்கரத்தின் காற்றுத் தடை நான் நினைத்த அளவுக்குக் குறையவில்லை என்றால்? சி3-இல் 0.312-க்குப் பதிலாக 0.316 போட்டோம். 200 வாட்டுக்கான எல்லை 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. அப்போதும் சமதளத்தில் ஏரோதான். ஊகம் பாதி தவறினாலும் முடிவு மாறவில்லை என்று தெரிந்தபின்தான் எனக்கே தைரியம் வந்தது. நீங்களும் எந்தக் கணக்கிலும் ஊகமான எண்ணை இப்படி அசைத்துப் பாருங்கள்.

சுழலும் எடை இரு மடங்கா?

"சக்கரத்துல ஒரு கிராம் குறைச்சா சைக்கிள்ல ரெண்டு கிராம் குறைச்ச மாதிரின்னு சொல்றாங்களே மாமா?" என்று கேட்டான். பாதி உண்மை. ரிம்மில் உள்ள எடை முன்னால் நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அதனால் வேகம் எடுக்கும்போது மட்டும் அது இரு மடங்காகக் கணக்காகும். நின்ற நிலையிலிருந்து 40 கி.மீ. வேகம் பிடிக்க அந்த 300 கிராமுக்கு ஆகும் கூடுதல் செலவு 37 ஜூல். ஆளும் சைக்கிளும் சேர்ந்து கேட்பதோ சுமார் 4800 ஜூல். ஒரு சதவீதம் கூட இல்லை.

அதுவும் வீணாவதில்லை. குயவர் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கனமான சக்கரத்தைச் சுற்றிவிடக் கஷ்டப்பட வேண்டும். சுற்றிவிட்டால் அது லேசில் நிற்காது. பிரேக் பிடித்தால்தான் அந்தச் சக்தி போகும். அடிக்கடி பிரேக் பிடித்து மறுபடி விரட்ட வேண்டிய வளைவுகள் நிறைந்த பந்தயத்தில் லைட்டுக்குச் சின்ன ஆதாயம் உண்டு. சீரான ஏற்றத்தில் 300 கிராம் வெறும் 300 கிராம்தான். தண்ணீர் பாட்டிலில் 300 மில்லி குறைத்தாலும் அதே எடை குறையும்.

கணக்கில் வராத காற்று

ஸ்ப்ரெட்ஷீட் நாம் கொடுத்ததை மட்டுமே பார்க்கும். பக்கவாட்டுக் காற்று அதில் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அகலமான ரிம் என்ன செய்யும்? முன் சக்கரத்தில் காற்று மோதினால் ஹேண்டில்பார் வெடுக்கென்று திரும்பும். ஆள் எடை குறைவாக இருந்தால் இன்னும் மோசம். அதனால் சிலர் பின்னால் அகல ரிம்மும், முன்னால் அதைவிடக் குறைந்த ரிம்மும் போடுகிறார்கள். இன்னொன்று: கூட்டத்துக்கு நடுவே, முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின் ஒளிந்து ஓட்டினால் காற்று ஏற்கெனவே குறைந்துவிடும். அப்போது ஏரோவின் ஆதாயமும் சுருங்கும்.

எதிர்பாராத விடை

மணி பதினொன்று ஆகிவிட்டது. மருமகன் மவுஸை வாங்கிக்கொண்டு சும்மா எண்களை மாற்றிக்கொண்டிருந்தான். நல்ல ரேஸ் டயர் போட்டால் டயர் தடை 0.004-க்கு இறங்கலாம் என்று எங்கோ படித்திருந்தான். பி4-இல் போட்டு, லைட் சக்கரத்துக்கே கோல் சீக் ஓட்டினான். சமதளத்தில் 57 வினாடி மிச்சம். மலையில் 44 வினாடி மிச்சம். இரண்டு இடத்திலும் சக்கரத்தை மாற்றுவதைவிட அதிகம்! டயர் விலையோ சக்கரத்தின் விலைக்குப் பக்கத்தில் கூட வராது.

பிறகு நான் சொன்னேன்: "நீ நிமிர்ந்து உக்காந்துதானே ஓட்டுற? முழங்கையை மடக்கிக் குனிஞ்சா என்ன ஆகும்னு பாரு." டயரைப் பழையபடி வைத்து, காற்றுத் தடை எண்ணை 0.32-லிருந்து 0.29 ஆக்கினோம். சமதளத்தில் 40 கி.மீ.க்கு 2 நிமிடத்துக்கு மேல் மிச்சமானது. செலவு ஒரு பைசா இல்லை, இடுப்பு வலிதான்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். லைட்டா, ஏரோவா என்று கேட்டு வந்த கேள்விக்கு, இரண்டும் இப்போது வேண்டாம் என்பது விடை.

அவன் டயர்கள் மட்டும் வாங்கினான். குனிந்து ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறான். முதல் இரண்டு வாரம் கழுத்து வலி என்று புலம்பினான், இப்போது பரவாயில்லையாம். சீட்டுப் பணத்தில் மிச்சம் அக்காவிடமே இருக்கிறது. அடுத்த வருஷம் சக்கரம் வாங்கினால், அவன் ஓட்டும் பந்தயங்கள் பெரும்பாலும் சமதளம் என்பதால் ஏரோ, அதுவும் முன்னால் குறைந்த ரிம் என்று முடிவு செய்து வைத்திருக்கிறோம். கல்லட்டி ஏறும் நாள் வந்தால், அந்த 12 வினாடிக்காகக் கவலைப்படாமல் இருக்கிற சக்கரத்திலேயே ஏறிக்கொள்வான்.

நீங்கள் சைக்கிள் ஓட்டாதவராக இருக்கலாம். மோட்டார் பம்பு, பிரிட்ஜ், வண்டிக் கடன் என்று உங்கள் வீட்டிலும் "இதுவா, அதுவா" என்ற கேள்வி வரத்தான் செய்யும். ஒரு நெடுவரிசையில் இது, அடுத்ததில் அது, அடியில் பார்முலா. அவ்வளவுதான். பைலுக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேவ் செய்திட மறக்காதீர்கள். பணத்தை எடுப்பதற்கு முன் எண்களை மாற்றிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.